ஏணியைப் பிடித்திருந்தவர்

மாதா கோயிலில் வைத்து அருமைநாயகம் மோதிரம் போட்டது எனக்குத்தான். ஆனாலும் எங்கள் தோட்டத்தில் ‘ஜோடி’ என்று யாராவது சொன்னால் அது நானும் அவரும் இல்லை. அவரும் இருளப்பன் அண்ணனும்தான். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது அறுபது தாண்டிவிட்டேன், இன்னும் கொஞ்சம் வரத்தான் செய்கிறது.

கஹவத்தையில் பஸ் ஏறி, தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே மேலே நடந்தால் எங்கள் லயம் வரும், சுவரோடு சுவர் ஒட்டின வரிசை வீடுகள். இரண்டு பேரும் அங்கே பால் வெட்டுகிற வேலை செய்தவர்கள். காலையில் மரத்துப் பட்டையைச் சீவிவிட்டு, சிரட்டையில் வடிகிற பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். நான் பிள்ளை மடுவத்தில் ஆயா. வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் ஒல்லி, எவ்வளவு சோறு போட்டாலும் உடம்பில் ஒட்டாது. இருளப்பன் அண்ணன் தாட்டியான ஆள். பக்கத்துக் காம்பராவில் அவர் புரண்டு படுத்தால் எங்கள் சுவரில் இருக்கும் இருதய ஆண்டவர் படம் ஆடும். தோட்டம் அவர்களுக்கு வைத்த பெயர் உலக்கையும் உரலும்.

அந்தப் பெயர் நிலைத்தது ஒரு சினிமாப் படத்தால். நாங்கள் கல்யாணம் கட்டின வருஷம், திருவிழாவுக்கு வந்த ஃபாதர் ஒரு மெஷினும் ரீல் பெட்டியும் கொண்டுவந்தார். ஸ்டோரிலிருந்து வயர் இழுத்து, பிள்ளை மடுவத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படம், வெளிநாட்டுப் பாஷை. ரீலின் முன்பக்கம் கிழிந்திருந்ததால் படத்தின் பெயர்கூடத் தெரியாது. விழுந்து எழும்பியே உலகத்தைச் சிரிக்க வைத்த இரண்டு பேராம். நல்ல வயதில் நடித்த படங்களை எல்லாம் வேறு கோயில்காரர்கள் வாங்கிப் போய்விட்டார்களாம். “மிச்சம் இருந்தது இதுதான். கிழவனான பிறகு கடைசியா எடுத்தது. பொறுத்துக்கோங்க” என்று ஃபாதர் சொன்னார்.

பொறுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு குண்டுக் கிழவரும் ஒல்லிக் கிழவரும் கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு கோயிலுக்கு வெள்ளையடிக்க வருகிறார்கள். வாளிக்குள் கால் மாட்டுகிறது. மாப்பிள்ளையின் கோட்டு முதுகில் சுண்ணாம்புப் பிரஷ் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் குண்டர் ஏணியின் உச்சிப் படியில் நின்று மணிக்கூண்டுக்குக் கை நீட்டுகிறார். கீழே ஒல்லி ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு குளவி வந்து ஒல்லியின் மூக்கில் உட்காருகிறது. குளவி என்றால் எங்கள் ஆட்களுக்குச் சும்மாவா? மலையில் கொட்டு வாங்காதவர் யார்? முழுத் தோட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒல்லி கண்ணை மூக்குப் பக்கம் திருப்பினார், ஊதிப் பார்த்தார், ஒரு கையை ஏணியிலிருந்து எடுத்தார். மற்றக் கையும் அசைந்தது. அந்த நேரம் பார்த்து வேட்டியில் ஒரு வெள்ளை ஓட்டை விழுந்து, கொப்பளித்து, பெரிதாகி, எல்லாம் போய்விட்டது. பல்ப் சூட்டில் ரீல் எரிந்துவிட்டது.

“ஏய்!” என்று மொத்த ஜனமும் கத்தியது. ஃபாதருக்கு வேர்த்துவிட்டது. மீதியை அடுத்த மாதம் கொண்டுவருகிறேன் என்றார். அடுத்த மாதம் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

“விட்டுட்டான்” என்றார் இருளப்பன் அண்ணன். “மூக்குல குளவி ஒக்காந்தா எவன் ஏணியப் புடிச்சுக்கிட்டு நிப்பான்?”

“விடல. ஒரு கையத்தான் எடுத்தான். மத்தது அப்புடியேதான் இருந்துச்சு.”

“அசைஞ்சிச்சே. நான் பாத்தேன்.”

“அசையும். விடமாட்டான். மேல நிக்கிறது அவன் கூட்டாளிடா!”

“கூட்டாளியாவது மண்ணாவது. நீயா இருந்தாலும் விட்டுருவ.”

“நான் விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் கோபத்தில் எங்கள் காம்பராவுக்குப் பதிலாக அவர்கள் காம்பராவுக்குள் நுழைந்துவிட்டார். இருளப்பன் அண்ணன் சம்சாரம் இருளாயி அக்கா அவரைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்தாள்.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் கொன்சட்டுக்கு அவர்கள் அந்தப் படத்தை மேடையில் போட்டார்கள். பிள்ளை மடுவத்து முற்றம்தான் மேடை. குண்டர் இருளப்பன் அண்ணன், ஒல்லி என்னவர். ஏணி ஸ்டோரிலிருந்து வந்தது. குளவிக்கு, கம்பி நுனியில் சுற்றின கறுப்புப் பஞ்சு. வசனமெல்லாம் அவர்களே கட்டினது. சுண்ணாம்புக்கு எங்கே போவது என்று யோசித்த இந்த இரண்டு புத்திசாலிகளும், வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று ஸ்டோரிலிருந்து ஒரு வாளி ரப்பர் பாலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாளி இருளப்பன் அண்ணன் தலையில் கவிழ்ந்ததும் கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. கொன்சட் முடிந்து தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பால் இறுகிவிட்டது. சவர்க்காரம் போட்டோம், தேங்காய் எண்ணெய் போட்டோம், மண்ணெண்ணெய் போட்டோம். இழுத்தால் முடியோடு தோலும் வருகிறது, மனுஷன் மாடு மாதிரி கத்துகிறார். விடிந்ததும் மொட்டையடிக்க வேண்டியதாகிவிட்டது, புருவத்தில் பாதியும் போய்விட்டது. கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்கள் கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்தீர்களா என்று கேட்டார்கள். அவர் கொஞ்சமும் வெட்கப்படாமல், “ஓவ், ஓவ்” என்று, ஆமாம் ஆமாம் என்று, சொல்லி அவர்கள் கும்பிட்டதையும் வாங்கிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க ரப்பர் பாலில் கை நனைத்தவர்கள் செய்கிற வேலையா இது?

அதிலிருந்து வருஷா வருஷம் அது நடந்தது. கலவர வருஷத்திலும் கொரோனா வருத்தம் வந்த வருஷங்களிலும் மட்டும்தான் இல்லை. நடுவில் இருளப்பன் அண்ணன் பெஞ்சிலிருந்து விழுவார், படியிலிருந்து விழுவார், வாளியோடு விழுவார். அப்படி ஒரு விழுகை! பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தூசு பறக்கும், அவருக்கு ஒரு கீறல் விழாது. முடிவில் ஏணி, குளவி, ஒரு கை, மற்றக் கை அசையும்போது விளக்கை அணைக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. முதலில் பெட்ரோமாக்ஸ், கரண்ட் வந்த பிறகு சுவிட்ச். படம் அப்படித்தானே முடிந்தது? இருட்டானதும் எல்லோரும் “ஏய்!” என்று கத்த வேண்டும், அதுதான் எங்கள் தோட்டத்து முறை. கிராமத்து ஆட்களும் வந்து, “அல்லாகனின்! அல்லாகனின்!” என்று, ஏணியை விடாதே பிடித்துக்கொள் என்று, எங்களைவிடச் சத்தமாகக் கத்துவார்கள். விட்டாரா, விடவில்லையா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதைப் பேசித்தான் இந்த இரண்டு பேரும் கிழவர்களானார்கள்.

இருளாயி அக்கா காலமான பிறகு இருளப்பன் அண்ணன் தனியாகிவிட்டார். மகன் கிருஷ்ணகுமார் கிளிநொச்சிப் பக்கம் கல்யாணம் கட்டி அங்கேயே வீடு வாசல் என்று இருக்கிறான். அப்பாவைக் கூட்டிப் போக வந்தான். பிள்ளை செய்தது சரிதான். ஆனால் இருளப்பன் அண்ணன் இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லவே இல்லை. ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார், வெற்றிலை போடுகிறார், வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் பாண் ரொட்டி விற்க வருகிற றம்ஸான்தான், “நாளைக்கி இருளப்பன் அங்கிளுக்கு வேன் சொல்லியிருக்கே, தெரியாதா?” என்று போட்டு உடைத்தான்.

என்னவர் வாங்கின பாணை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வேன் வந்தபோது ஆளைக் காணோம். லயத்துச் சனமெல்லாம் ரோட்டில் நிற்கிறது, இவர் மட்டும் இல்லை. இருளப்பன் அண்ணன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு மேலேயும் கீழேயும் பார்த்தார். பிறகு என்னிடம், “ஏணிய விட்டுட்டான்னு அவன்கிட்ட சொல்லு தங்கச்சி” என்று சொல்லிவிட்டு ஏறினார். நானும் மடைச்சி மாதிரி அதைப் போய் அப்படியே சொன்னேன்.

“ஏணிய ஒதறிட்டுப் போனது யாரு? நானா?” என்றார் இவர். அதோடு சரி. போனிலும் பேசவில்லை. அந்தப் பக்கமிருந்தும் பேச்சில்லை. இரண்டு கிறிஸ்மஸ் வந்து போனது.

பேசாவிட்டால் மறந்துவிட்டார் என்றா அர்த்தம்? அந்த ஏணியை ஸ்டோரில் ஒதுக்கிப் போட்டபோது இவர்தான் கேட்டு வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார். கோழிகள் அதில் ஏறித் தூங்கும். விறகுக்கு வெட்டவா என்று கேட்டால் முறைப்பார். முகம் கழுவும்போது, செருப்புத் தேடும்போதெல்லாம் பழைய வசனம் ஒன்றைச் சொல்லுவார். “என்னாப்பா, மேல காத்து எப்புடி?” என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். அந்த இடத்தில் இருளப்பன் அண்ணனின் பதில் வர வேண்டும். வராது. பாவமாக இருக்கிறதே என்று ஒரு நாள் நான் அடுப்படியிலிருந்து, “காத்து நல்லாத்தான் இருக்கு, ஏணிதான் சரியில்ல” என்று அந்தப் பதிலைச் சொன்னேன்.

“நீ சும்மா இரு கிறேஸ். ஒனக்கு நேரம் தப்புது” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் சோறு போட்டவளுக்கு நேரம் தப்புகிறதாம்! ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். மனுஷன் கூட்டாளிக்காக ஏங்கிப் போயிருக்கிறார், அதைச் சொல்லத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் அந்தப் படம் என் கையிலேயே வந்து விழுந்தது. எங்கள் மகள் சரோன் டுபாயிலிருந்து அனுப்பிய போனில் நான் சமையல் வீடியோ பார்ப்பேன். ஒரு நாள் பகல், பலாக்கொட்டைக் கறி ஒன்று முடிந்ததும் தானாகவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடத் தொடங்கியது. வாளிக்குள் கால். மாப்பிள்ளை முதுகில் பிரஷ். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அனே ஆண்டவரே, இதுவா! வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி வரைக்கும் பார்த்துவிட்டேன்.

என்ன நடந்தது தெரியுமா? ஒருவரும் விழவில்லை. ஒல்லி ஒரு கையை எடுத்தார், மற்றக் கை அசைந்தது, ஆனால் விடவில்லை. குளவி தானாகப் பறந்து போய்விட்டது. மேலே குண்டருக்குப் பயம் வந்துவிட்டது, இறங்க மாட்டேன் என்கிறார். ஒல்லி இரண்டு படி ஏறி, அவருடைய ஒரு காலைக் கையால் பிடித்துக் கீழ்ப் படியில் வைக்கிறார். பிறகு மற்றக் கால். பிறகு அடுத்த படி. சிரிக்க ஒரு பகிடியும் இல்லை. கல்யாண ஆட்கள் வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறார்கள், இவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு மெதுவாக இறங்குகிறார்கள். தரைக்கு வந்ததும் படம் முடிந்தது.

சீ, இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இதற்காகவா மொட்டையெல்லாம் அடித்தார்கள்? பிறகுதான் அந்த ஃபாதர் சொன்னது ஞாபகம் வந்தது. கிழவனான பிறகு எடுத்த படம். அந்த வயதில் அவர்களால் விழ முடிந்திருக்காது.

என்னவர் வந்ததும் படத்தை முதலிலிருந்து போட்டுக் கையில் கொடுத்தேன். முடிவைப் பார்த்ததைச் சொல்லவில்லை. இவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தால் தலைகால் புரியாமல் ஆடுவார், அதற்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் போவதற்கு ஒரு சாக்கும் இருக்காது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். சிரிக்கவே இல்லை. குளவி வந்து உட்கார்ந்ததும், “நிப்பாட்டு! நிப்பாட்டு!” என்று போனைத் தூர நீட்டினார்.

“ஏன், பாருங்களேன்.”

“அவன் இல்லாம பாக்க மாட்டேன்.”

“அப்ப போன் எடுத்து அவருக்கிட்ட பேசுங்க.”

“அவன் பேசட்டும்.”

இந்த வீம்புக்கு நான் என்ன செய்வது? மறுநாள் நானே எடுத்தேன். கிருஷ்ணகுமாரின் மனைவி விஜயகலாதான் பேசினாள், அந்தப் பக்கத்துப் பிள்ளை.

“மாமாவுக்குப் பாரிசவாதம் வந்திட்டுது அம்மா. வலப்பக்கம் கையும் காலும் இழுத்திட்டுது. இப்ப சுகம்தான், கால் வரும் எண்டு டொக்டர் சொல்லுறார். ஆனா இவர் காலை நிலத்தில வைக்கிறாரில்லை. கட்டிலை விட்டு எழும்புறாரில்லை. விழுந்திடுவன் எண்டு பயம். இப்பவே நடக்கப் பழகாட்டி பிறகு நடக்கேலாதாம். நாங்கள் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனம்.”

நான் இதைச் சொன்னதும் என்னவர் முதலில் சிரித்தார். “விழுறதுக்குப் பயமா? அவனுக்கா?” என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எழும்பிப் போய் வீட்டுக்குப் பின்னால் அந்த ஏணிக்குப் பக்கத்தில் நின்றார். கோழியை விரட்டிவிட்டு அதைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிடவில்லை. உள்ளே வந்தபோது, “பேக்க எடு கிறேஸ்” என்றார்.

இரத்தினபுரி வந்து, கொழும்பு வந்து, அங்கிருந்து கிளிநொச்சி பஸ். பஸ்ஸில் ஏறினதிலிருந்து வவுனியா தாண்டும் வரைக்கும் இருளப்பன் அண்ணனை எப்படி ஏசுவது என்று எனக்குச் சொல்லிக்காட்டிக்கொண்டே வந்தார். “அங்க போயி சண்ட போட்டீங்கன்னா நான் அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன்” என்றேன். அதற்குப் பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள்ளேயே ஏசினார்.

நல்ல வெளிச்சமான, காற்றோட்டமான வீடு. முன்னால் மூன்று படி, அதற்குக் கீழே மணல் முற்றம், முற்றத்தில் ஒரு மாமரம். விஜயகலா, “வாங்கோ, இருங்கோ” என்று கதிரை போட்டாள். நான் உட்காரப் போனேன். இவர் உட்காரவில்லை, நேரே அறைக்குள் போய்விட்டார். நானும் பின்னால் ஓடினேன்.

இருளப்பன் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உரல் என்று பெயர் வாங்கின அந்த முதுகில் எலும்பு தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“யாரு?” என்றார் திரும்பாமல். பேச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது.

“ஏணி புடிக்கிறவன்” என்றார் என்னவர்.

“அந்தாளுதான் விட்டுட்டாரே.”

“வேன்ல ஏறிப் போனது நானா?”

“வழியனுப்ப வந்தியா நீ?”

“போறேன்னு சொன்னியா நீ?”

“வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல, ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா!” என்று நான் கத்தினேன். குசினிக்குள்ளிருந்து விஜயகலா எட்டிப் பார்த்தாள்.

இருளப்பன் அண்ணன் மெதுவாகத் திரும்பினார். “சொல்ல வாய் வரலடா” என்றார். “சொன்னா நீ போவாதன்னு சொல்லுவ. நீ சொன்னா நான் போவ மாட்டேன். பய மனசு நொந்து போவான். அதான் சொல்லல.”

“நான் மரத்துக்குப் பின்னாலதான் நின்னேன்” என்றார் இவர். “வேன் வளைவு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டுதான் நின்னேன். ஒன்னைய வுட்டுட்டு அந்த லயத்துல எனக்கு ஒன்னுமே இல்லடா.”

இது எனக்குப் புதுச் செய்தி. ஒன்றுமே இல்லையாமே, அப்போது நான் யார் என்று கேட்க வாய் வந்தது. அந்த நேரத்தில் கேட்கவா முடியும்? போனை எடுத்துப் படத்தைப் போட்டு, இரண்டு தலைகளுக்கும் நடுவே தலையணையில் சாய்த்து வைத்தேன்.

முதல் வாளி கவிழ்ந்ததும் இருளப்பன் அண்ணன் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது, வயிறு முழுதாகச் சிரித்தது, கட்டில் ஆடியது. “அதுல ரப்பர் பால ஊத்தியிருக்கணும்” என்றார். இவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விஜயகலா கரண்டியோடு ஓடி வந்து வாசலில் நின்றாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமா சத்தமாகச் சிரித்து அவள் கேட்டதில்லையாம்.

ஏணி வந்தது. குளவி வந்து உட்கார்ந்தது. ஒரு கை. மற்றக் கை அசைந்தது.

“தங்கச்சி! லைட்ட அணை!” என்றார் இருளப்பன் அண்ணன்.

பழக்கதோஷம். யோசிக்காமலேயே உள்ளங்கையால் போனைப் பொத்திவிட்டேன். இரண்டு கிழவர்களும் ஒரே நேரத்தில் “ஏய்!” என்று கத்தினார்கள். விஜயகலாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

“மீதியையும் பாருங்க” என்றேன், படத்தை நிறுத்திவிட்டு. என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே. இவர்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசையாக இருந்தது.

“வேணாம் தங்கச்சி” என்றார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. “நானும் சும்மா வம்புக்குத்தான் விட்டுட்டான், விட்டுட்டான்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். நெசமாவே விட்டுட்டான்னா? இந்தக் கையையும் காலையும் வச்சுக்கிட்டு நான் எப்புடி அதப் பாக்குறது?”

நான் வாயைத் திறந்தேன். என்னவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். “எந்திரி” என்றார் அவரிடம்.

“முடியாதுடா.”

“எந்திரி. முத்தத்துக்குப் போவோம்.”

“விழுந்துருவேன்.”

“எத்தன தடவ விழுந்திருக்க? இப்ப என்னா புதுசா?”

“அப்ப விழுந்தது வேணும்னு விழுந்ததுடா” என்றார் இருளப்பன் அண்ணன். சின்னப் பிள்ளை மாதிரி உதடு நடுங்கியது. “இப்ப விழுந்தா அது நெசம்.”

என்னவர் கட்டிலுக்குக் கிட்டப் போனார். குனிந்து அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். என் வீட்டுக்காரருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! நான் மறுபக்கம் பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டார். ஒரு காலை இழுத்து இழுத்து, கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து, எப்படியோ வாசலுக்கு வந்துவிட்டார்கள். படியின் விளிம்பில் இருளப்பன் அண்ணன் நின்றுவிட்டார். கீழே பார்த்தார். முகத்தில் இரத்தமே இல்லை. மூன்று படிதான். அவருக்கு மணிக்கூண்டு உயரம்.

என்னவர் அவர் கையைக் கதவு நிலையில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தான் முதலில் இறங்கினார். கீழ்ப் படியில் முழங்காலைக் குத்தி உட்கார்ந்து, ஒரு கையால் அவர் இடுப்பை அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் அந்த வராத காலைப் பிடித்துத் தூக்கி, அடுத்த படியில் வைத்தார். பிறகு மற்றக் கால். கொஞ்சம் நிற்க விட்டார். பிறகு அந்தக் கால்.

நான் போனில் பார்த்தது அப்படியே என் கண்முன்னால் நடக்கிறது. இதை இவர் பார்த்ததே இல்லை. விஜயகலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கடைசிப் படியில் நிற்கும்போது, மாமரத்துப் பக்கமிருந்து ஒரு பெரிய ஈ வந்து என் வீட்டுக்காரரின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. அவர் இரண்டு கையும் இருளப்பன் அண்ணன் மேலே இருந்தன. கண் இரண்டும் மூக்குப் பக்கம் திரும்பின. ஊதிப் பார்த்தார். போகவில்லை. நான் விரட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

“டேய்” என்றார் மேலே இருந்து இருளப்பன் அண்ணன். “மூக்குல ஈ.”

“தெரியும்” என்றார் இவர். “நீ கால வையி.”